களர் மூலை

பூவந்தாங்கல் உயர்நிலைப் பள்ளியில் சனிக்கிழமை மதியம் பத்தாம் வகுப்புக்கு நீதிபோதனை. 1991 ஜூனில் ஜெபகுமார் என்ற வரலாற்று ஆசிரியர் வந்து சேர்ந்த பிறகு அந்த நேரத்தில் சினிமா நடந்தது. படம் காட்டப் போகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் முதல் வாரம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் காட்டியதோ ஒரே ஒரு காட்சி. அதையும் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். வாடகை வீடியோ டெக்கில் படம் உறைந்து நின்று நடுங்கிக்கொண்டிருக்க, டி.வி. பக்கத்தில் நின்றுகொண்டு, "கேமரா எங்கே நிக்குது? ஏன் அங்கே நிக்குது?" என்று கேட்டார்.

ஜெபகுமார் படம் எடுக்கிற ஆசையில் சில வருஷம் கோடம்பாக்கத்தில் அலைந்தவர். யாரும் உள்ளே விடவில்லை. கடைசியில் பி.எட். முடித்து வேலைக்கு வந்துவிட்டார். வந்தாலும் ஆசை போகவில்லை. கதை, பாட்டு, சண்டை எல்லாம் போக சினிமாவில் மிச்சம் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு பிள்ளையும் இந்தப் பள்ளியை விட்டுப் போகக்கூடாது என்பார். சோப்பு டப்பா அட்டையில் நீள்சதுரமாக ஓட்டை போட்டுக்கொண்டு வரச்சொல்லி, அதன் வழியே ஊரைப் பார்க்கச் சொன்னார். அட்டைக்குள் வருவது ஒரு படம். அட்டை எதை மறைக்கிறதோ அதையும் கவனிக்கணும் என்றார்.

பாதிப் பேர் ஒரு வாரத்தில் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ரஞ்சனி போடவில்லை. அவள் கோபால் என்ற விவசாயியின் ஒரே மகள். வகுப்பில் அதிகம் பேசாத பெண். அட்டை கையில் வந்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. அடுப்பு, எருமையின் கண், பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களின் செருப்பு என்று ஒவ்வொன்றாக வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டே திரிந்தாள். அவள் அம்மா கனகம், களை பிடுங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நிமிர்ந்து, "எதையாச்சும் முழுசாப் பார்க்கவே மாட்டியா நீ?" என்று கேட்டாள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஆகஸ்டில் ஊருக்குள் ஒரு வேன் வந்தது. மே மாதக் குண்டுவெடிப்புக்கு அப்புறம் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி யார் கேமராவோடு வந்தாலும் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்கிற காலம் அது. அன்றைக்கு நீ எங்கே இருந்தாய், என்ன பார்த்தாய் என்று கேட்டுக் கேட்டு எல்லோரையும் சலிக்கவைத்திருந்தார்கள். ஆனால் வேனில் வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே பள்ளிக்கு வந்து தலைமையாசிரியரைப் பார்த்தார். பகலவன் என்று பெயர் சொன்னார். நாற்பது வயது இருக்கும். மெதுவாக, மரியாதையாகப் பேசினார். இந்தப் பகுதி நாளைக்கு எப்படி இருக்கப்போகிறது என்று ஒரு ஆவணப்படம் எடுப்பதாகவும், ஒரு கம்பெனி செலவு செய்வதாகவும் சொன்னார். கம்பெனி எது, எதற்குச் செலவு செய்கிறது என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டித்தருவார்கள் என்ற பேச்சு அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஜெபகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. நிஜமான பதினாறு எம்.எம். கேமரா, முக்காலி, வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ஜிகினாப் பலகை எல்லாம் அவர் வகுப்பைத் தேடித் தானாக வந்திருந்தன. பிள்ளைகளை வேலைக்கு விடுகிறேன், அவர்களுக்கும் பாடமாக இருக்கும் என்று அவரே போய்ச் சொன்னார். பகலவன் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

முதல் நாள் அவர்கள் தெருக்களையும் கோயில் குளத்தையும் எடுத்தார்கள். இரண்டாம் நாள் பகலவன் பிள்ளைகளிடம், ஒன்றுமே இல்லாத இடம் ஒன்று வேண்டும், பார்த்தால் மனசு கனக்கிற மாதிரி இருக்கவேண்டும் என்று கேட்டார். ஆளாளுக்குச் சுடுகாடு, செங்கல் சூளை என்று சொன்னார்கள். ரஞ்சனி மட்டும், "எங்க நிலத்துல ஒரு மூலை இருக்குது சார்" என்றாள்.

கோபாலின் நிலம் ஏரி மதகுக்குக் கீழே இருந்தது. பாதியில் அப்போதுதான் சொர்ணவாரி நெல் அறுத்திருந்தார்கள். கிணற்றுப் பக்கம் வேர்க்கடலை பச்சைப்பசேலென்று நின்றது. கிழக்கு மூலையில் மட்டும் ஒரு துண்டு, களர் பூத்து உப்பு கொட்டினதுபோல வெளுத்துக் கிடக்கும். ஒரு பனைமரம் தவிர அதில் ஒன்றும் இல்லை. அட்டையை வைத்துப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து ரஞ்சனிக்கு அந்த மூலைதான் ஊரிலேயே அழகான இடம். கேமராவை அங்கே கொண்டுபோனதும், தரையோடு தரையாக இறக்கி வைத்தால் வரப்பு மறைத்துக்கொள்ளும், வேர்க்கடலை தெரியாது, வெள்ளைத் தரையும் வானமும் பனையும் மட்டும் வரும் என்று அவளே சொன்னாள். பகலவன் படுத்து, கண்ணை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் ஜெபகுமாரைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்குக் கண்ணு இருக்கு சார்" என்றார். ரஞ்சனிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று.

அப்போதுதான் கனகம் களத்தில் இருந்த ஆட்களுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு வரப்பில் வந்தாள். படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்து நல்ல புடவை கட்டியிருந்தாள். பகலவன் அவளை அந்தப் பனையடியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். அவள் புடவையைப் பார்த்துவிட்டு, இதைவிடக் கொஞ்சம் பழசு இருந்தால் இடத்துக்குப் பொருந்தும் என்றார். ரஞ்சனி ஓட்டமாக வீட்டுக்கு ஓடி, சாணி தட்டும்போது அம்மா கட்டுகிற சாயம் போன புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள். கனகம் மோட்டார் ரூமில் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். கூழ்ப் பானையை இறக்கிவைத்துவிட்டு, வேறொரு காலிப் பானையைக் கவிழ்த்துப் பக்கத்தில் வைத்தார்கள். மேலே பாருங்கம்மா, மேகம் இருக்குதான்னு பார்க்கிற மாதிரி என்றார்கள். வெயில் கண்ணைக் குத்தியது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். மகள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை. அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஜிகினாப் பலகையை ரஞ்சனியும் அவள் சிநேகிதி ஷாரோனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

செப்டம்பர் கடைசியில் படம் தயாராகிவிட்டது என்று தகவல் வந்தது. பள்ளி மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டினார்கள். கம்பெனி ஆட்கள் மெட்ராசிலிருந்து காரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஊர் முழுக்கத் தரையில் உட்கார்ந்தது. பெயர் போடும்போது, நன்றி என்று போட்டு ஜெபகுமார் பெயரும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் என்றும் வந்தது. பிள்ளைகள் விசிலடித்தார்கள். ஜெபகுமார் வேஷ்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

களர் மூலை வந்தது. ரஞ்சனி நினைத்ததைவிட அழகாக இருந்தது. திரை முழுக்க வானம், கீழே கோடாக வெள்ளைத் தரை. பிறகு அவள் அம்மாவின் முகம். கூட்டத்தில், "டேய், கனகம்டா" என்று கை தட்டினார்கள். அப்போது ஒரு கனமான ஆண் குரல் பேசத் தொடங்கியது. இங்கே எதுவும் முளைப்பதில்லை என்றது. இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பசியோடு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள் என்றது. பயனற்றுக் கிடக்கும் இந்தத் தரிசுக்கு விடிவு வருகிறது என்றது. உடனே பூவந்தாங்கல் ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தத் தார்ச்சாலை வரைக்கும் வண்ணத்தில் வரைந்த ஒரு தொழிற்சாலை வந்தது. கை தட்டியவர்கள் நிறுத்தினார்கள்.

விளக்குப் போட்டதும் கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்து, இந்தத் தரிசை அரசாங்கத்திடம் கேட்டிருக்கிறோம், எடுத்துக் கொடுப்பார்கள், ஊரில் எல்லோருக்கும் வேலை என்று பேசினார். கோபால் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனுஷன்.

"எங்க நிலத்துல எதுவும் முளைக்காதுன்னு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"இப்பத்தானே படத்துல பார்த்தீங்க" என்றார் கம்பெனிக்காரர்.

பின்னாலிருந்து யாரோ, கோபால் வூட்டில் சோறு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாமே கொடுத்திருப்போமே என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள். கனகம் எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலையில் ரஞ்சனி எழுந்தபோது, சாயம் போன அந்தப் புடவை கிழிபட்டு மாட்டுக் கொட்டகையில் துடைக்கிற துணியாகக் கிடந்தது. கனகம் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலைய நீதான் காட்டினியா?"

"ஆமாம்மா."

"புடவையும் நீதான் எடுத்தாந்தே."

"ஆமா."

கனகம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அடித்திருந்தால்கூட ரஞ்சனிக்குத் தேவலாம் என்றிருந்தது. அந்த வாரம் முழுக்கக் கோபத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் தன் மேலேயே கோபம் வந்தது. யோசிக்க யோசிக்க அது இடம் மாறியது. தான் பார்த்தது அழகைத்தான். அந்த அழகை ஒருத்தர் எடுத்துப்போய் அவள் அம்மா தலையில் அடித்திருக்கிறார். அதை அவர் செய்யும்போது பக்கத்தில் நின்ற சாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சனிக்கிழமை ஜெபகுமார் வகுப்புக்கு வந்தார். ஊரில் கசமுசா இருப்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதைத் தொடாமல், அந்தக் காட்சியின் நேர்த்தியைப் பற்றிப் பேசினார். வானத்துக்கு எவ்வளவு இடம், தரைக்கு எவ்வளவு இடம், அதனால் பார்க்கிறவனுக்கு என்ன உணர்ச்சி என்று கரும்பலகையில் கோடு போட்டார். ரஞ்சனி எழுந்து நின்றாள்.

"கேமரா எங்கே நின்னுது சார்?" என்று கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதானே சார் கேட்கச் சொன்னீங்க. கேமரா வரப்புக்குப் பின்னாடி நின்னுது. வரப்புக்கு அந்தப் பக்கம் எங்க வேர்க்கடலை நின்னுது. கேமரா ஏன் அங்கே நின்னுதுன்னு போர்டுல எழுதுங்க."

ஜெபகுமார் சாக்பீஸை வைத்துவிட்டு, எந்தப் படமும் எல்லாவற்றையும் காட்ட முடியாது, ஒன்றைக் காட்ட இன்னொன்றை விட்டுத்தான் ஆகவேண்டும், அதுதான் கலை என்று சொன்னார். கேமரா பொய் சொல்லவில்லை, களர் இருப்பது உண்மைதானே என்றார். குரலைச் சேர்த்தது அவர்கள், அதற்கு நாம் என்ன செய்யமுடியும் என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"எங்கம்மாவுக்குப் பசின்னு நீங்க பார்த்தீங்களா சார்?" என்றாள் ரஞ்சனி. "கூழ்ப் பானைய நீங்கதான் சார் நகர்த்தி வெச்சீங்க."

அது உண்மை. பானையைப் படச் சட்டத்துக்கு வெளியே நகர்த்தியது ஜெபகுமார்தான். அவர் அன்றைக்கு மணியடிக்கும் முன்பே வகுப்பை விட்டார்.

திங்கட்கிழமை காலை, ஆசிரியர்கள் அறை வாசலில் கனகம் வந்து நின்றாள். அதற்கு முன் பள்ளிக்குள் அவள் வந்ததில்லை. அந்த ஆள் மெட்ராசில் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். வடபழனி என்று ஜெபகுமார் சொன்னார். விலாசம் எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தார்.

"எழுதிக் கொடுத்தா நான் இன்னா படிக்கவா போறேன்? நீங்க கூட்டிகினு போங்க சார்" என்றாள் கனகம். "கூட்டியாந்தது நீங்கதானே."

தலைமையாசிரியர் கண்ணால் வேண்டாம் என்று காட்டினார். இரண்டு வகுப்பறை அவர் கண்ணில் நின்றது. ஜெபகுமார் பேனாவை மூடிவிட்டு, நாளைக்கு விடுப்பு எழுதித் தருகிறேன் என்றார்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, ரஞ்சனியும் சேர மூவரும் வடபழனியில் இறங்கினார்கள். கனகத்துக்குப் பக்கத்தில் ரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. முன் சீட்டில் ஜெபகுமார் இரண்டு முறை திரும்பி, தண்ணி வேணுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள்.

ஒரு மாடியில் பகலவனின் அலுவலகம். உள்ளே எடிட்டிங் மேஜையும், கிளிப்பில் தொங்கவிட்ட பிலிம் துண்டுகளும் இருந்தன. வேறு நேரமாக இருந்தால் ரஞ்சனி அங்கேயே குடியிருந்திருப்பாள். பகலவன் அவர்களை அடையாளம் கண்டு எழுந்து வந்து, காபி வாங்கி வரச்சொன்னார். கனகம் காபியைத் தொடவில்லை.

என் முகத்தைப் போட்டு இது பட்டினிக்காரி என்று சொல்ல உனக்கு யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்டாள். பகலவன் பதறவில்லை. அந்தம்மாவை அவர் தனிப்பட்ட ஆளாகப் பார்க்கவில்லை என்றும், ஒரு மண்ணின் அடையாளமாகத்தான் பார்த்ததாகவும் விளக்கினார். வேலை வந்தால் அவர்களுக்குத்தானே நல்லது என்றார்.

"அம்மா, நான் இல்லாததைக் காட்டலியே. அந்தக் களர் அங்கே இருக்கா இல்லையா?"

"கீது" என்றாள் கனகம். "என் கால்ல பித்தவெடிப்பும் கீது. அத்த மட்டும் படம் புடிச்சுகினு போயி, இதான் கனகம்னு சொல்லுவியா நீ?"

படம் கம்பெனிக்குச் சொந்தம், தன் கையில் இல்லை என்றார் பகலவன். பிறகு, அவர்கள் இவ்வளவு தூரம் வந்ததால் தன்னால் ஆன ஒன்றைச் செய்வதாகச் சொன்னார். கனகத்தின் காட்சியை எடுத்துவிட்டு வேறொரு அம்மாவை வைத்துவிடலாம். திருவள்ளூர்ப் பக்கமோ எங்கேயோ ஒரு நாள் போனால் எடுத்துவிடலாம், பெரிய விஷயமில்லை.

ஜெபகுமார் பெருமூச்சு விட்டார். தீர்ந்தது என்று அவர் நினைத்தது ரஞ்சனிக்குத் தெரிந்தது.

"அந்தம்மாகிட்ட இன்னா சொல்லி உட்கார வெப்பே?" என்று கேட்டாள் கனகம்.

பகலவனுக்குக் கேள்வி புரியவில்லை.

"அவளுக்கும் ஒரு பொண்ணு இருக்கும். பழைய புடவை எடுத்தாம்மான்னா ஓடிப்போய் எடுத்தாரும். என்னிய எடுத்துடாதே. என் மூஞ்சி அங்கியே இருக்கட்டும். நீங்க எங்கெங்க போட்டுக் காட்டுறீங்களோ அங்கல்லாம் நான் வந்து பக்கத்துல நிக்கறேன்."

எழுந்து படியிறங்கிவிட்டாள். ரஞ்சனி பின்னால் போகும்போது பகலவன் அவளைக் கூப்பிட்டு, படிப்பு முடிந்ததும் தன்னிடம் வா, உனக்கு இந்த வேலை வரும் என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அவள் எத்தனையோ நாள் கேட்க ஏங்கிய வார்த்தை அது. "எனக்கு வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். திரும்பி வரும் பஸ்ஸில் கனகம் ஜன்னலோரம் நகர்ந்து, மகளைத் தன் பக்கமாக இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

நவம்பரில் நிலம் எடுப்பது சம்பந்தமாக விசாரணை வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். ஊரே ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருந்தது. பத்தாம் வகுப்பும் கிளம்பிப் போயிற்று. தலைமையாசிரியர், போனவர்களுக்கெல்லாம் டி.சி. கொடுப்பேன் என்று சொல்லிப் பார்த்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரி பொறுமையான ஆள். கம்பெனித் தரப்பில், வார்த்தையால் சொல்வதைவிடப் படத்திலேயே பார்த்துவிடலாமே என்று புரொஜெக்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். மண்டபத்தின் கதவுகளைச் சாத்தினார்கள். படம் ஓடியது.

கனகத்தின் முகம் வந்த நேரம், கனகம் எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். வெளிச்சத்தில் பாதி அவள் மேலும் விழுந்தது. குரல், இங்கே எதுவும் முளைப்பதில்லை என்றது. கம்பெனிக்காரர் உட்காரும்மா என்றார். அவள் உட்காரவில்லை. படம் முடிகிற வரைக்கும் நின்றாள். விளக்குப் போட்டதும் அதிகாரியைப் பார்த்துப் பேசினாள்.

"அதுல இருக்கிறது நான்தான் சார். எம் பேரு கனகம். எனக்குப் பசி இல்ல. அன்னைக்கு எட்டு ஆளுக்குக் கூழ் எடுத்துகினு வந்தேன். பானை இந்தாண்ட இருந்துது. எங்க நிலம் இங்கேர்ந்து ரொம்பத் தொலவு இல்ல. நீங்களே வந்து பாருங்க."

படம் எடுக்கும்போது கூட இருந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். ரஞ்சனி எழுந்து, கேமராவைத் தாழ்த்தி வைக்கச் சொன்னது நான்தான், வேர்க்கடலை தெரியக்கூடாது என்றுதான் சொன்னேன், அழகுக்காகச் சொன்னேன், அதை இவர்கள் இதற்கு வைத்துக்கொண்டார்கள் என்று நடுக்கமில்லாமல் சொன்னாள். பலகை பிடித்தேன் என்று ஷாரோன் எழுந்தாள். பெட்டி தூக்கினேன், கூட்டத்தை விலக்கினேன் என்று ஒவ்வொரு பிள்ளையாக எழுந்தது. எல்லோரும் எழுந்த பிறகு, கடைசி வரிசையில் இருந்த ஜெபகுமார் எழுந்து, பானையை நகர்த்தியது தான் என்று சொன்னார். அவர் முதலில் எழுந்திருக்கலாம் என்றுதான் ரஞ்சனிக்குத் தோன்றியது. நன்றி சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

அதிகாரி இரண்டு நாள் கழித்து வந்தார். மழை பெய்து ஏரி கரை தொட்டு நின்றது. சம்பா நாற்று நட்டு முடித்திருந்தார்கள். வரப்பில் நடக்க முடியாமல் அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். களர் மூலையையும் கோபால் தாமே கூட்டிப்போய்க் காட்டினார். முடிவில் மதகுக்குக் கீழே இருந்த நிலங்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தார்ச்சாலைப் பக்கத்து மேட்டு நிலமெல்லாம் போயிற்று. அங்கேயும் கேழ்வரகும் எள்ளும் விளைந்துகொண்டுதான் இருந்தன. அந்த நிலத்துக்காரர்கள் படத்தில் வராததால் எழுந்து நிற்க அவர்களுக்கு ஒரு காட்சிகூட இல்லை. ஜெயித்தோம் என்று யாராவது சொன்னால் ரஞ்சனி அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவாள்.

வகுப்பறை வரவில்லை. தலைமையாசிரியர் சனிக்கிழமை சினிமா வகுப்பை நிறுத்தி, நீதிபோதனையைத் தானே எடுத்துக்கொண்டார். ஜெபகுமார் வரலாறு மட்டும் நடத்தினார். படத்திலிருந்து தன் பெயரை எடுக்கச்சொல்லி இரண்டு கடிதம் போட்டார் என்று ஷாரோன் சொன்னாள். ரஞ்சனி கேட்டுக்கொண்டதோடு சரி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதைத் தவிர அவள் அவரிடம் பேசுவதில்லை.

டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள், ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ரஞ்சனியும் ஷாரோனும் போனார்கள். கம்பெனியின் கொட்டகையில் அதே படம் ஓடிக்கொண்டிருந்தது. களர் மூலை அப்படியே இருந்தது. அதற்கு அடுத்து வந்த முகம் கனகம் இல்லை. வேறொரு பெண். கனகத்தைவிட வயதில் சின்னவள். கிழிந்த ரவிக்கை. கையில் ஒரு பானை. வெயிலில் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தாள். இங்கே எதுவும் முளைப்பதில்லை என்று அதே குரல் சொன்னது.

ரஞ்சனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு புரொஜெக்டர் ஓட்டுகிறவரிடம் போனாள். அந்தப் பொம்பளை எந்த ஊர் என்று கேட்டாள். அவர், ஓட்டுகிறதுதான் என் வேலை, எனக்கென்ன தெரியும் என்றார். அவள் விடவில்லை. வாசலில் நின்ற கம்பெனி ஆளைக் கேட்டாள். அவர், யாராயிருந்தால் உனக்கென்னம்மா, படம்தானே என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். கனகம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

"நாம சொல்லணும்" என்றாள் கனகம்.

மறுநாள் காலையில் ரஞ்சனி தண்டலத்தில் ஜெபகுமார் குடியிருந்த வீட்டுக்குப் போனாள். அவர் லுங்கியோடு, பல் தேய்த்துக்கொண்டே கதவைத் திறந்தவர், அவளைப் பார்த்ததும் உள்ளே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவள் உட்காரவில்லை. படத்தில் பார்த்ததைச் சொன்னாள்.

"எந்த ஊர்ல எடுத்தாங்கன்னு அந்தப் பகலவன்கிட்டக் கேட்டு வாங்கணும் சார். நான் கேட்டா சொல்லமாட்டாரு. நீங்க வாங்க" என்றாள்.

அவர் இன்றைக்கேவா என்று கேட்டார். இன்றைக்கே என்றாள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். நெடுஞ்சாலையில் பூந்தமல்லி பஸ்ஸுக்கு இருவரும் நின்றார்கள். என்ன சொல்லிக் கேட்பது, அவர் மறுத்தால் அடுத்து யாரைப் பார்ப்பது என்று ஜெபகுமார் பேசிக்கொண்டே இருந்தார். ரஞ்சனி பதில் சொன்னாள். அவள் கோபம் தணிந்திருக்கவில்லை. பஸ் வந்தது. அவள் முதலில் ஏறினாள்.